பருமனும் பழியும்

நம் முற்போக்கு ஏடுகளின் கேலிச்சித்திரங்களிலே முதலாளி என்றும் கொழுத்தவன். தொழிலாளி எலும்புந் தோலுமானவன். சுரண்டலை ஒரு நோக்கில் உணர்த்த அச்சித்திரம் போதுமாயிருந்தது. இன்றைய ஐக்கிய அமெரிக்காவை அதனைக்கொண்டு விளங்க முற்படுவோமாயின் ஏமாந்து போவோம். அங்கே வருமானங் குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடையேதான் உடற்பருமன் கூடுதலாகக் காணப்படுகின்றது. குறைந்த காசில் வயிற்றை நிரப்புவன மாவும் சீனியும் எண்ணெயுமேயன்றிக் காயும் பழமுமல்ல. ஆயின், மெலிந்த ஏழையைக் கண்டு இரங்கும் சமுதாயம் பருத்த ஏழையைக் கண்டு பழிக்கின்றது. தாய் கவனமற்றவள், பிள்ளை அடக்கமற்றது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றது.

இத்தீர்ப்பு நியாயமானதா?

2010ஆம் ஆண்டிலே பாலர் வகுப்பிற் சேர்ந்த 18,000இற்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளின் நிறையும் உயரமும், அவர்கள் இரண்டாம் வகுப்பை முடிக்கும் வரை அளக்கப்பட்டன. அக்காலத்துள் பருமனான பிள்ளைகளின் தொகை 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாயிற்று. 2016இல் வெளியான அவ்வாய்வின்படி, இவ்வதிகரிப்பு முழுவதும் கோடை விடுமுறைகளிலேயே நிகழ்ந்தது; பாடசாலை நடந்த மாதங்களில் நிகழவில்லை.

அதே பிள்ளை, அதே தாய், அதே நாக்கு. மாறியது நாளின் ஒழுங்கு. பாடசாலையில் மணியடித்தாற்றான் உணவு. நினைத்தபோதெல்லாம் கொறிக்க வழியில்லை. ஓடியாட ஒரு வேளையுண்டு. காலையில் எழவேண்டுமாதலால் இரவில் நேரத்துக்கு உறக்கமும் உண்டு. மனவுறுதியின்மையே காரணமெனின், அம்மனவுறுதி யூனிலே கெட்டுச் செப்டெம்பரிலே திரும்புவது எங்ஙனம்? இக்கணக்கு எல்லா வர்க்கத்துப் பிள்ளைகளையும் அடக்கியதென்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயின் வசதியுள்ள வீடு, கோடையிலும் அவ்வொழுங்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும்: நீச்சல் வகுப்பு, விளையாட்டு முகாம், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள். இரண்டு வேலை பார்க்குந் தாயோ பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டித் தொலைக்காட்சியைக் காவல் வைக்கின்றாள்.

ஆதலின் பாடசாலைக்கு வெளியேயும் உணவும் விளையாட்டும் சேர்ந்த வேலைத்திட்டங்கள் வேண்டுமென்பதில் நமக்கு ஐயமில்லை. அந்நாட்டில் அரசாங்கத்தின் கோடை உணவுத்திட்டம் ஒன்று 1975 தொட்டுத் தனித்திட்டமாக நடந்துவருகின்றது. ஏழைப் பிள்ளைகள் பாதிக்குக் குறையாத பகுதிகளில், வரும் பிள்ளை எதுவானாலும் விசாரணையின்றி உணவு கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளை அவ்விடத்திலேயே இருந்து உண்ணவேண்டுமென்பது நெடுநாள் விதி. நாட்டுப்புறங்களுக்கு அது தளர்த்தப்பட்டது 2023இலேதான். தாய் வேலைக்குப் போய்விட்டாள், பஸ் வண்டியும் இல்லை. பிள்ளை எப்படிப் போகும்? பாடசாலையில் இலவசமாக உண்ணும் பிள்ளைகளிற் சிறுபகுதியினரே கோடையிலும் உண்கின்றனர்.

இக்குறையை நிரப்ப 2024 முதல் வேறொரு திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாதம் 40 டொலர் வீதம், மூன்று மாதத்துக்கு உணவு வாங்கும் அட்டை. அயோவா மாநிலம் 2023 டிசெம்பரில் இதனை மறுத்தது. நிருவாகச் செலவு ஒரு காரணம். மற்றது நம் விடயத்தோடு தொடர்புடையது: பிள்ளைகளின் உடற்பருமன் கொள்ளைநோய்போற் பரவும் வேளையில் இவ்வட்டை போசாக்கை வளர்க்காதாம்! பசியைத் தீர்க்காமலிருப்பதற்குப் பருமனே நியாயமாகிவிட்டது. 2025இல் அம்மாநிலம் மத்திய அரசின் அனுமதியோடு, அட்டைக்குப் பதிலாக அதே பெறுமதியில், தான் தெரிந்தெடுத்த உணவுப் பொருள்களை வழங்கியது.

அட்டை கொடுத்தாற் சிலர் சோடா வாங்குவர் என்பதை நாம் மறுக்கவில்லை. வசதியுள்ள தகப்பனும் சோடா வாங்குகின்றான்; அவன் கூடையை எவரும் கிளறிப் பார்ப்பதில்லை. உதவி பெறுகின்றாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தாயின் தெரிவுரிமையைப் பறிக்கலாமா? பறிக்கலாமென்போர் சோடா விற்பவனின் விளம்பர உரிமையைப் பற்றி வாய்திறப்பது அரிது. உணவுப் பொருள்கள் நல்லனவாகவே இருக்கட்டும். அவற்றை ஏற்றுக்கொள்ளும் வீட்டிலே யூலை மாதத்துப் பகற்பொழுது அப்படியே கிடக்கின்றது. ஓடியாட இடமில்லை, கூட்டிச்செல்ல ஆளில்லை. தெருமுனையிலுள்ள பாடசாலையின் மைதானத்தையும் சமையற்கூடத்தையும் திறந்துவைக்கப் பணியாளர் வேண்டும், அவர்களுக்கு வேதனம் வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் போசாக்கைப்பற்றிக் கவலைப்பட்டவர்கள் நிருவாகச் செலவைப்பற்றிக் கவலைப்படத் தொடங்குகின்றனர்.