சுமதியும் மீராவும்

திரையில் ஒருவர் ஏற்ற வேடத்தை அவருடைய வாழ்விலும் கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டா? தீயவனாக நடித்தவரைக் கண்டு முகம் சுளிப்பதும், தெய்வமாக நடித்தவரைக் கண்டு கைகூப்புவதும் நம் நாட்டில் புதியன அல்ல. முன்னது அநீதி என்பதை யாவரும் ஒப்புவர். பின்னதும் ஒருவகை அநீதியே என்பது நம் எண்ணம்.

மதுரை மண் தந்த எம். எஸ். சுப்புலட்சுமியை உலகம் இசையரசியாகவே அறியும். அவர் ஒரு திரைப்பட நடிகையாகவும் இருந்தார் என்பது, ஏதோ பிள்ளைப் பருவத்து விளையாட்டைப் போல, ஒரு வரியில் சொல்லி முடிக்கப்படுகிறது. 1916-இல் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர் அவர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தாய்வழி மரபில் வந்த குடும்பமாதலின், தலைப்பெழுத்துகளில் முதலாவது மதுரையையும் இரண்டாவது தாயையும் குறித்தன. 1938 முதல் 1945 வரை அவர் நடித்த தமிழ்ப் படங்கள் நான்கே.

அவற்றுள் முதலாவது கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்'. பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது. வயது முதிர்ந்த ஒருவருக்கு மணம் செய்விக்கப்பட்ட இளம்பெண் சுமதி, கணவனின் ஐயத்துக்கு ஆளாகி வீட்டைவிட்டு விரட்டப்படுகிறாள். ஊர் எந்தக் கதவையும் அவளுக்குத் திறப்பதில்லை. திறக்கும் ஒரே கதவு கணிகையர் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து மீண்டு அவள் ஒரு தொண்டு வாழ்வை அடைவதே கதை. இதில் நடித்த இருபத்தொரு வயதுப் பெண் எம்மரபில் பிறந்தவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் தடுத்தது 1947-இல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தம் குலத்துப் பெண்கள்மீது சமுதாயம் வீசிய சொற்களையெல்லாம் சுமதியின்மீது விழுவனவாகத் திரையில் ஏற்று நின்றார் அவர். இதனினும் துணிவான ஒரு செயல் அவர் வாழ்வில் உண்டோ என நாம் ஐயுறுகிறோம்.

அடுத்து வந்தது 'சகுந்தலை'. பின்னர் 1941-இல் 'சாவித்திரி'யில் நாரதராக ஆண்வேடம் தாங்கினார். கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் தொடங்கவிருந்த 'கல்கி' இதழுக்குப் பொருள் திரட்டவே அந்நடிப்பு. (ஒரு பத்திரிகை நாரதரின் பொருளால் பிறந்தது பொருத்தந்தான்!) 1945-இல் 'மீரா'. இயக்குநர் எல்லிஸ் டங்கன் ஓர் அமெரிக்கர். சுப்புலட்சுமியின் முகத்தை எந்த ஒளியில் எவ்வாறு காட்டுவது எனத் தேர்வதற்காக, அவர் உருவத்தைச் சாந்தில் சிலையாக வார்த்து, அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தாராம். அச்சிலையை உடைக்காமல் வைத்துக்கொண்டவர்கள் பார்வையாளராகிய நாமே. 1947-இல் இந்தியிலும் வெளிவந்த அப்படத்துக்குப் பின் அவர் திரையில் நடிக்கவில்லை. மீராவாகவே வாழ்ந்தார் எனப் போற்றினோம். சுமதியை மறந்தோம்.

மறந்தது தற்செயலன்று. மீரா நம்மிடம் கேட்பது பக்தியை. அதைத் தருவது எளிது. சுமதியோ, என்னை விரட்டியவர் யார் என்று கேட்கிறாள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 'மீரா' வெளிவந்த அதே 1945-இல் இங்கிரிட் பெர்க்மன் என்னும் சுவீடன் நாட்டு நடிகை அமெரிக்கப் படமொன்றில் கன்னித்துறவியாக நடித்தார். 1948-இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்தார். பின்னர் இத்தாலிய இயக்குநர் ரோசலினியைக் காதலித்து, மணத்துக்கு முன்னரே ஒரு மகவை ஈன்றபோது, 1950-இல் அமெரிக்க மேலவையிலேயே எழுந்து ஓர் உறுப்பினர் அவரைப் பழித்தார். அவர் செய்தது சரியா, தவறா என்பது வேறு வினா. அதே காலத்தில் அத்தகைய வாழ்வு வாழ்ந்த ஆண்கள் எத்தனை பேருக்கு மேலவையில் அவ்விடம் கிடைத்தது? புனிதையாக நடித்ததே அவர்மீது கூடுதல் குற்றமாயிற்று.

ஒருவர் பழிக்கப்பட்டார், மற்றவர் போற்றப்பட்டார். இரண்டையும் எவ்வாறு ஒன்றாக்கலாம் எனச் சிலர் கேட்கக்கூடும். சுப்புலட்சுமியின் பக்தி உண்மையானது. அதில் நமக்கு ஐயமில்லை. தம் வாழ்வின் திசையைக் கணவரிடம் விட்டதையும் அவர் ஒருபோதும் குறையாகக் கூறியதில்லை. நம் வினா அவரைப் பற்றியதன்று. "திரையை விட்டார், ஆதலால் தூயவரானார்" என்னும் நம் புகழுரை, திரையில் இருந்தபோது அவர் தூயவரல்லர் எனச் சொல்லாமற் சொல்கிறதே! கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்து அவர் பொருள் திரட்டியது 1944-இல், 'மீரா' வெளிவருமுன்னரே. பின்னாளில் 1974-இல் மகசேசே விருதைப் பெற்றுத் தந்த ஈகை, நடிகையாக இருந்த நாளிலேயே அவரிடம் குடிகொண்டிருந்தது.

மதுரையைச் சுற்றிய சிற்றூர்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களின்போது சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றும் இரவு முழுவதும் நடைபெறுகிறது. வள்ளியாக வரும் பெண்ணுக்கு ஊர்ப்பெரியோர் மாலையிடுகின்றனர். விடிந்தபின் அப்பெண் தன் பெட்டியுடன் பேருந்துக்காக நிற்கும்போது, அதே ஊர் அவளைப் பார்க்கும் பார்வை வேறு. நகரில் அவள் வாடகைக்கு வீடு கேட்டுச் செல்கையில், வீட்டுக்காரர் கேட்கும் முதற்கேள்வி அவள் என்ன தொழில் செய்கிறாள் என்பதே.