தனி வகுப்பு

ஒரு ஜனசமூகத்தின் கதையைத் தனிப் பாடமாக வைத்துப் படித்தால், அது மனிதர்களைச் சேர்க்குமா, பிரிக்குமா?

1968 நவம்பர் 6-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ அரசாங்கக் கல்லூரி மாணவர்கள் இந்தக் கேள்வியை வீதிக்குக் கொண்டு வந்தார்கள். கறுப்பரும், மெக்ஸிக, சீன, ஜப்பானிய, பிலிப்பைன் வம்சத்தாருமாகச் சேர்ந்து நாலரை மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் பாட்டன் பூட்டன் கதைக்குப் பாடத்தில் இடம் எங்கே என்பதே அவர்கள் வழக்கின் சாரம்.

அப்போது கல்லூரிக்குத் தற்காலிகத் தலைவராக வந்தவர் ஹயாகாவா. சொற்களின் தன்மையை ஆராய்ந்து புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர். ஜப்பானிய வம்சத்தில் பிறந்தவர். டிசம்பர் 2-ஆம் தேதி மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறி அவர் கம்பிகளைப் பிடுங்கினார். பிறந்த வம்சம் ஒன்றே மனிதன் மனத்தைத் தீர்மானித்துவிடாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 1969 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. அந்த வருஷமே இந்தப் படிப்புக்கென்று அங்கே ஒரு தனிப் பிரிவு எழுந்தது.

இந்தப் படிப்புக்கு ஒரு சாஸ்திரம் மட்டும் போதாது. அதே ஊர் விரிகுடாவில் ஏஞ்சல் தீவு இருக்கிறது. சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரக் கூடாதென்று 1882-ல் சட்டம் போட்டார்கள். 1910 முதல் 1940 வரை, வந்திறங்கிய சீனரை அந்தத் தீவில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்து வைத்து விசாரித்தார்கள். சட்டம் படித்தவனுக்கு விதி தெரியும். சரித்திரம் படித்தவனுக்கு வருஷம் தெரியும். ஆனால் அடைபட்டவர்கள் மரச் சுவரில் கவிதைகளைச் செதுக்கி வைத்தார்களே, அவற்றைப் படிக்கச் சீன மொழியும் இலக்கியமும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதனின் முகம் தெரிகிறது.

சரி, தன் இனத்தின் துயரத்தையே படிப்பவன் துவேஷத்தை வளர்த்துக்கொள்ள மாட்டானா? இதே காரணத்தைச் சொல்லி 2010-ல் அரிஸோனா மாகாணம் சட்டம் செய்தது. டூஸான் பள்ளிகளில் மெக்ஸிக-அமெரிக்கர் பாடம் நின்று போயிற்று. 2017-ல் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமோ, தடை செய்தவர்கள் பக்கத்தில்தான் இனத் துவேஷம் இருந்தது என்று கண்டது.

ஆனாலும் அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். துயரமும் சில சமயம் சொத்தாகிவிடுவது உண்டு. சொத்தாகிவிட்டால் வேலி போடத் தோன்றும்.

கதை எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். பொதுவாக 'ஒரு மனிதன்' என்று எழுதினால் யார் கண்ணும் கலங்குவதில்லை. ஊரும் பேரும் தெருவும் சொல்லி எழுதினால், எங்கோ இருக்கிற ஒருவன் அழுகிறான். ஆகவே தனிப் பாடம் குற்றமல்ல. அந்த வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே உட்கார்ந்திருப்பதுதான் குறை.

கலிபோர்னியாவின் ஸ்டேட் யூனிவர்ஸிடியில் பட்டம் வேண்டுமானால், எந்த இனத்து மாணவனும் இந்தப் பாடங்களில் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்று 2020-ல் சட்டம் வந்தது. நல்லதுதான். சட்டம் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கும். அடுத்த வீட்டு இழவுக்குத் தன் கண் கலங்குகிறதா என்பது, அப்புறம் அவன் பாடு.