ஆதிபௌதிகத் துன்பமும் அறக்கடனும்

சிவமயம்

பிராரத்த வினை மூன்று வாயிலாக உயிர்களை வந்து பொருந்தும் என்பது நம் சமயநூல் பயின்றார் யாவரும் அறிந்ததே. ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என அவை பெயர்பெறும். இவற்றின் இலக்கணம் வகுக்குமிடத்துச் சாங்கியர்க்கும் நம்மவர்க்கும் சிறிது வேறுபாடு உண்டு. பூதம் என்னுஞ் சொற்கு உயிர்ப்பொருள் எனக் கருத்துக்கொண்டு, மக்களாலும் விலங்குகளாலும் வருவதனை ஆதிபௌதிகம் என்றும், காற்றும் இடியும் போல்வனவற்றான் வருவதனை ஆதிதைவிகம் என்றும் சாங்கியர் வைப்பர். நம்மவருட் பலர் அதனை ஐம்பூதம் எனவே கொண்டு, மழை, காற்று, இடி, மின் முதலியவற்றான் வருவதனை ஆதிபௌதிகம் என்றும், தன்னாலும் பிறவுயிர்களாலும் வருவதனை ஆதியான்மிகம் என்றும் கூறுவர். ஈண்டு நம்மவர் வழக்கே கொள்ளப்படும். யாம் எடுத்துக்கொண்ட வினா இது: பூதங்களால் ஒரு நாட்டு மக்கட்கு ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் ஒரே வகையாகத் துன்பம் வருமாயின், அதனை வினைப்பயன் என்று கண்டிருத்தல் அமையுமோ, அன்றிக் காத்தற்கு முயறலும் சைவர்க்குக் கடனாமோ?

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. வடநாட்டிலே கோடையிடியால் மாண்டாரைப் பற்றிய செய்தியொன்று அன்பர் குழாம் ஒன்றிற் படிக்கப்பட்டபொழுது, கற்றறிந்தார் ஒருவர், ‘அவரவர் வினை அவரவர்க்கு’ என்று ஒரு சொற்சொல்லிப் பேச்சை மாற்றினர். அச்சொற் பொய்யன்று. ஆயின் அது சொல்லப்பட்ட இடமும் அதனால் விளைந்த பயனும் எம்முள்ளத்தை வருத்தின. கேட்டிருந்த இளைஞர் இருவர் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டனர். நம் சமயம் இரக்கத்தை அவிக்கும் சமயம் என்று அவர் கருதிப்போயிருப்பாராயின் அப்பழி யாரைச் சாரும்?

காசி யாத்திரையைச் சித்திரை வைகாசியிற் செய்தார், பிற்பகலில் வானஞ் செம்மண் நிறங்கொள்ளப் புழுதி சுவர்போல் எழுந்து வருங் காற்றைக் கண்டிருப்பர். அங்குள்ளார் அதனை ஆந்தி என்பர். 2018-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் இராசத்தானத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் அடித்த அத்தகைய காற்றால் 100-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆக்ரா மாவட்டம் மிக நலிந்தது. இறந்தாருட் பலர் வெளியிற் சென்றவரல்லர். தம் வீட்டில் உறங்கினவர். சுவரும் கூரையும் மேல்விழ மாண்டனர்.

கங்கையின் வழியே கிழக்கே செல்லச்செல்ல இக்காற்றின் இயல்பு மாறும். வங்கத்தில் அது வெறும் புழுதிக்காற்றாக அமையாது. இடியும் மின்னும் ஆலங்கட்டி மழையும் உடன்கொண்டு வரும். பங்குனி முதல் வைகாசி வரை வரும் அதனை வங்கமக்கள் கால்பைசாகி என்பர். பைசாகம் அவர்கட்கு ஆண்டின் முதற்றிங்கள். நம் சித்திரையொடு ஒத்துத் தொடங்குவது. ‘கால்’ என்று கேட்ட அளவிலே தமிழர்க்குக் காற்று என்னும் பொருள் தோன்றும். அது பொருந்தவும் பொருந்துகின்றது. ஆயினும் அச்சொல் ஈண்டுக் காலம் என்னும் வடசொல்லின் வழித்தாய் அழிவையும் கூற்றையும் குறிப்பது. காலகாலனை வழிபடும் நமக்கு அப்பெயர் சிந்தித்தற்குரியது.

அதன் தோற்றமும் அறியத்தக்கதே. வேனிலிற் சோட்டாநாகபுரி மேட்டுநிலம் காய்ந்து கொதிக்கும். மேற்கினின்று வரும் உலர்ந்த வெங்காற்று மேலே பரவ, வங்கக்கடலினின்று வரும் ஈரக்காற்று கீழே தங்கும். மேலுள்ளது மூடிபோல் இருந்து கீழுள்ளதனை எழவொட்டாது நெடும்பொழுது தடுக்கும். வெப்பம் மிக்கு அம்மூடி உடைந்தவளவில், ஈரக்காற்று ஒருங்கே மேலெழுந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயர்ந்த முகிலாகித் தென்கிழக்கு நோக்கி விரைந்து, மாலைப்பொழுதிற் சமவெளியை வந்தடையும். காற்றின் விரைவு மணிக்கு 60 கிலோமீட்டரைக் கடந்து, ஒரோவழி 100 கிலோமீட்டரையும் எட்டும். வெந்துகிடந்த ஊர் சிறிது பொழுதிற் குளிர்ந்து நடுங்கும்.

இக்காற்றைத் தீயதென்றே கூறுதலும் பிழை. அசாமின் தேயிலைக்கும் வங்கத்தின் சணலுக்கும் இது தரும் மழை வேண்டற்பாலது. அசாமியர் இதற்குப் பர்தைசிலா எனப் பெயரிட்டு, பிகு விழாவிலே தாய்வீட்டிற்கு விரைந்துவரும் மகளாகப் பாவிப்பர். ஒரே முகில் ஒருவன் தோட்டத்தைத் தளிர்ப்பிக்கின்றது. அடுத்த ஊரில் ஒருவன் கன்றையும் கூரையையும் கொண்டுபோகின்றது. இறைவனது அறக்கருணைக்கும் மறக்கருணைக்கும் இதனின் அணித்தாய சான்று வேண்டா எனச் சிலர் கூறக்கூடும். யாம் அவ்வளவு விரைந்து கூறத் துணியேம். மறக்கருணை என்பது இறைவன் செயலின்கண் வைத்து உணரற்பாலது. பிறன் வீடு இடிந்துகிடக்கும் முற்றத்தில் நின்று நாம் உரைக்குஞ் சொல்லன்று.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் மாலை, இப்பருவத்து முகிலினின்று இறங்கிய சுழல்காற்றொன்று வங்கதேசத்து மாணிக்கஞ்ச மாவட்டத்தில் தௌலத்பூர், சாத்தூரியா என்னும் ஊர்களை அழித்தது. இறந்தார் ஏறக்குறைய 1,300 பேர் என்பர். சுழல்காற்றால் ஒரே நாளில் இத்துணைப்பேர் இறந்தமை உலகில் வேறெங்கும் பதியப்பட்டிலது. நெடுநாள் மழையின்றி வாடியிருந்த நிலம் அது. மழைக்கு ஏங்கியிருந்த மக்கள் அவர். 1996-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் தாங்காயிலில் மற்றொன்று 500-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. இத்தகைய நிகழ்ச்சிகளில் ஏழைகளின் வீட்டுத் தகரக்கூரை பெயர்ந்து வாள்போற் பறந்து வெட்டுதலுங் கேட்கப்படுகின்றது. காற்று பூதம், தகரம் பூதமோ?

மின்னலால் வரும் இறப்பு இதனினும் பரந்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்டோர் அதனால் இறக்கின்றனர். வங்கதேசத்தில் 2016-ஆம் ஆண்டு மே மாதத்திற் சில நாட்களுக்குள் 50-க்கு மேற்பட்டோர் இறக்க, அவ்வரசு மின்னலை இயற்கைப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. இறப்பவர் யாவர்? பெரும்பாலும் வயலில் நிற்கும் உழவரும் கூலியாட்களும் மீன்பிடிப்பாருமே. சுனாம்கஞ்சப் பகுதியிலே பரந்த தாழ்நிலங்கள் உண்டு. ஆண்டிற் பாதி நீர்மூடிக் கிடப்பவை. அங்கு விளையும் போரோ நெல்லை, மேகாலய மலையினின்று வெள்ளம் இறங்குமுன் சித்திரை வைகாசியில் அறுத்தாகவேண்டும். கால்பைசாகியும் அப்பொழுதே வரும். முகில் கறுத்தது கண்டும் அவன் அரிவாளை வைத்துவிட்டுப் போகான். போக நினைப்பினும் கண்ணுக்கெட்டியவரை ஒரு கூரையும் இராது.

இனி வினாவிற்கு வருவாம். ஒருவன் பெறுவதும் இழப்பதும், அவனுக்குரிய நோயும் இறப்பும் கருவிலேயே வரையறுக்கப்பட்டன என்பது சித்தியார் கருத்தாகலின், இடியால் மாயவேண்டியவன் மாய்வன். காத்தற்கு முயறல் வீண் என்பர் ஒருசாரார். அற்றேல் அவர் தம் வயிற்றுநோய்க்கு மருத்துவனைத் தேடுதல் எற்றுக்கு? தம் இல்லத்துக் கூரையை ஆடிக்கு முன் பழுதுபார்ப்பதேன்? கருவில் அமைந்தது என்பது மெய்யே. என்ன அமைந்தது என்பதனை அறிவான் சிவபெருமான் ஒருவனே. சிற்றறிவினனாகிய ஆன்மா, அடுத்தவனுக்கு அமைந்தது இறப்பே என்று துணிந்து கையைக் கட்டியிருத்தல், தனக்கில்லாத முற்றறிவைத் தனக்கு ஏற்றிக்கொள்ளுதலாய் முடியும்.

அன்றியும், வினை சடமாகலின் தானே சென்று பொருந்தாது. இறைவன் கூட்டவே பொருந்தும். அவன் கூட்டுதல் கருவிகளைக்கொண்டே. காற்று கருவியாதல்போல, ஒருவனை இழுத்து உள்ளே விடுங் கையும் கருவியேயாம். பிழைத்தற்குரிய வினையுடையான் ஒருவன் பிழைப்பதற்கு ஒரு கை வேண்டும். அக்கை நம்முடையதாகாது போயின், அவன் வேறொரு கையாற் பிழைப்பன். நாமோ நீட்டாத கையோடு நிற்பேம். நுகர்ச்சியின்கண் ஆகாமியம் ஏறும் என்பதனை நுகர்வானுக்கு மட்டும் வைத்து ஓதிவிடுகின்றோம். கண்டு நின்றானுக்கும் அது ஏறும்.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. 1970-ஆம் ஆண்டு நவம்பரில் அதே வங்கக்கரையில் வீசிய கடற்புயலால் 3,00,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1972-இல் அங்குப் புயற்காப்புத் தொண்டர்படை தொடங்கப்பட்டது. மேடைவீடுகள் சிறிது சிறிதாக எழுந்தன. 1991 ஏப்ரலில் மீண்டும் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டனர். 2007-இல் வலிமையிற் குறையாத சிதர் என்னும் புயல் வந்தபொழுது இறந்தார் 3,400 அளவினர். இது கோடையிடியின் வேறாயினும் நம் ஆராய்ச்சிக்கு உதவும். மூன்று இலட்சம் மூவாயிரமாயது எங்ஙனம்? வங்கமக்களின் பிராரத்தம் 37 ஆண்டிற் குறைந்துவிட்டதோ என்று வினவுவார்க்கு யாது கூறுவது?

யாம் கருதுவது இது. காற்று வருமென்று அறிதற்கு வழியே இல்லாத நாளில் அதனால் வந்த துன்பம் முழுதும் ஆதிபௌதிகமே. வருவதனை முன்னறியவும், அறிந்ததை ஊர்க்கு உணர்த்தவும், ஒதுங்க இடம் அமைக்கவும் இயலும் என்றாய பின்னர், அத்துன்பத்தின் ஒரு கூறு ஆதிபௌதிகத்தை விட்டு ஆதியான்மிகத்தைச் சார்கின்றது. கேட்டும் கேளாதவன்பால் அது தன்னால் வருவது. கூலியாளை இடிமுழக்கத்தில் வயலில் நிறுத்தும் நிலக்கிழவனால் அது பிறவுயிரால் வருவது. மேடைவீடு கட்டற்குரிய பொருளை வேறு வழியிற் போக்கினாராலும் அவ்வாறே. துன்புறுவானுக்கு அது வினைப்பயனே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது யார்வழி வந்ததோ அவர் தப்பார். ஒருவன் வாளால் வெட்டுண்டிறந்தவழி, அவன் வினை என்று சொல்லி வெட்டினானை விடுவார் உளரோ? வாளுக்கு ஒருமுறையும் தகரக்கூரைக்கு ஒருமுறையும் நம் நூல்கள் வகுத்தில.

ஆசிரியர் ஒழுக்கமும் இதற்கு அரணாகும். திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. இஃது இந்நிலத்து இயல்பு என்றே அவர்கள் விண்ணப்பித்தனர். நிலத்தின் இயல்பால் வந்தது என்றமையின் அது தெளிவாக ஆதிபௌதிகம். பிள்ளையார் அதனை இயல்பு என்று விட்டாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடினர். அந்நாட்டினின்றே நோய் நீங்கிற்று. அப்பதிகத்து முதற்பாட்டே, வினை என்று பேசிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் நமக்குக் குறையென இடித்துரைக்கின்றது. அதனை நாடோறும் ஓதுவார் பலர். இந்நோக்கிற் கருதுவார் சிலரே. மழை பொய்த்த காலத்துத் திருவீழிமிழலையில் இரு பெருமக்களும் செய்தது என்ன? படிக்காசு பெற்று அடியார்கட்கு அமுதளித்தனர். பிள்ளையார் பெற்றது வாசியுள்ள காசாக, அடுக்களையிற் காலந்தாழ்த்ததற்குங் கவன்று, வாசி தீரப் பாடினர். பசித்தார் ஒருவேளை தாழ்த்து உண்பதும் அவர்க்குப் பொறுக்கவில்லை.

ஆதலின், மின்னுக்குப் பின் இடியோசை முப்பது நொடிக்குள் கேட்பின் முகில் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது, உடனே கட்டடத்துட் புகுக, கடைசி இடிக்குப் பின் அரைமணி கழித்தே வெளிவருக, தனிமரத்தின்கீழ் நில்லற்க என்று ஒருவன் ஊரார்க்குக் கற்பிப்பானாயின், அவன் வினைக்கொள்கையை மறுத்தவனல்லன், சிவபுண்ணியஞ் செய்தவனேயாம். கோபுரக் கலசமே இடிதாங்கி என்று மேடையிற் பேசுவார், கலசத்தினின்று மண்ணிற் கம்பி இறங்காதவழி அது காவாது என்பதனையுஞ் சேர்த்துச் சொல்லுக. புனேயிலுள்ள வானிலை ஆய்வுக்கழகத்தார் தாமினி என்னும் பெயராற் கைப்பேசிவழி மின்னல் எச்சரிக்கை தருகின்றனர். நன்று, ஆயின் எச்சரிக்கை பெற்றவன் ஓடி ஒதுங்கக் கூரையும் வேண்டுமே. வங்கதேசத்தில் 2017-இல் மின்னலைத் தாங்கப் பத்து இலட்சம் பனை நடத் தொடங்கினர். பனை உயர்தற்குப் பல்லாண்டு செல்லும். நட்டவை பேணுவாரின்றிப் பட்டுப்போக அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பனையின் இயல்பறிந்த தமிழர் எவரையேனும் வினவியிருந்தால், நடுவதோடு ஒரு வயற்குடிலுங் கட்டுக என்று சொல்லியிருப்பர்.

எல்லாங் காத்தும் ஒருவன் இறப்பனாயின், அங்கேதான் வினை என்னுஞ் சொல்லுக்கு இடம். அதுவும் அவன் மனைவியும் மக்களும் ஆறுதல் வேண்டி வினவியபொழுது, அவர் அழுகை தணிந்தபின், மெல்லச் சொல்லற்பாலது. அவர் வினவாதவரை அவர் வீட்டுக் கூரையை வேய்ந்துகொடுக்கலாம்.

1,300 பேர் ஒரே மாலையில் இறந்தனரே, அத்துணைப்பேர் வினையும் ஒருங்கே முதிர்ந்தவாறு எங்ஙனம் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பலர் வினை ஓரிடத்துக் கூடிப் பயன்தருமோ, அன்றித் தனித்தனி வினைகள் ஒரு காலத்து ஒன்றுபட நேர்ந்தனவோ என்பது பாடியமுடையார் கொள்கையையும் ஒட்டி நெடிது ஆராயற்பாலதாகலின், அதனை வேறொரு திங்களில் எழுதுவாம்.