கிரயமும் மதிப்பும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில் சடுகுடு பற்றிய வழக்கு எழுந்துவிட்டால் அது இலேசில் தீர்வதில்லை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரிகளோடு இறங்கி வரும் இளைஞரும், கரும்பு வெட்டு முடிந்து ஓய்ந்திருப்போரும், பாடசாலை மாணவரும் அதில் சமமாகவே கலந்து கொள்கின்றனர். புதிதாக ஏலத்தில் எடுத்த ரெய்டருக்குக் கொடுத்த பணம் தகுமா? அவரை இடப்புறம் நிறுத்துவதா, வலப்புறமா? அவருக்காக எவரை வெளியே உட்கார வைப்பது? இடது கார்னருக்கும் கவருக்கும் இணக்கம் உண்டா? எழுவரைக் கொண்ட ஓர் அணியை எழுபது விதமாக அடுக்கிக் கலைத்து மீண்டும் அடுக்குகின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அந்த மனிதனின் விலை என்ன?’ என்ற கேள்வி அங்கே கூச்சமின்றிக் கேட்கப்படுகிறது. அது பழைய கேள்வி, பெரிய கேள்வியுங்கூட.

ஏலம் என்னும் சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இது போர்த்துக்கீசியர் வாயிலாகத் தமிழுக்கு வந்தது. அவர்களுக்கோ, ‘அறிவித்தல்’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து கிடைத்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். பொருளை ஏலமிடுதல் மார்க்கத்தில் ஆகும். வறிய அன்சாரி ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் ஆக்கிக் கொடுத்து, விறகு வெட்ட அனுப்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. அங்கே விலை பேசப்பட்டவை விரிப்பும் பாத்திரமும், மனிதரல்லர்.

சுதந்திர மனிதனை விற்பது செல்லாது என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. ஆகவே கபடி ஏலத்தில் நடப்பது, சொல் எதுவாயினும், வாடகை ஒப்பந்தமாகும்; நம் நூல்கள் இதனை ‘இஜாரா’ என்னும். வேலைக்கு அமர்த்தப்படுவோரை அந்நூல்கள் இரு வகையாக்கும். தையற்காரர் போல, செய்து முடித்த வேலைக்குக் கூலி பெறுவோர் ஒரு வகை. குறித்த காலத்துக்குத் தம்மை ஒருவரிடம் ஒப்படைத்து அக்காலத்துக்குக் கூலி பெறுவோர் மற்றொரு வகை. இவர் ‘அஜீர் காஸ்’. விளையாட்டு வீரர் இந்த இரண்டாம் வகையினர். ஆனால் தேநீர்க் கடை வழக்கறிஞர்கள் அவரை முதல் வகையில் வைத்தே வாதாடுகின்றனர். ‘இத்தனை இலட்சம் வாங்கினானே, எத்தனை புள்ளி எடுத்தான்?’ என்று வகுத்துப் பார்க்கின்றனர். குழப்பத்தின் முதல் முடிச்சு இங்கே விழுகிறது.

இரண்டாம் முடிச்சு இன்னும் நுட்பமானது. ஃபிக்ஹு நூல்களில் ‘தமன்’ என்றும் ‘கீமத்’ என்றும் இரு சொற்கள் உள்ளன. வாங்குவோரும் விற்போரும் தம்முள் இசைந்து பேசிக்கொண்ட தொகை தமன். நம் பத்திரங்களில் கிரயம் என்று எழுதுகிறோமே, அது. அறிந்தோர் நிறுத்துப் பார்த்து இதன் தகுதி இவ்வளவு எனக் கூறுவது கீமத், அதாவது மதிப்பு. இரண்டும் ஒத்திருக்கலாம், ஒத்திருந்தே ஆகவேண்டுமென்பதில்லை. கிரயத்தை ஆக்குவது இருவரின் விருப்பம், போட்டி, அவசரம். மதிப்புக்கு வேறு உரைகல் வேண்டும்.

இதற்கு நம் கண்ணெதிரே நிகழ்ந்த சான்று ஒன்றுண்டு. 2014-இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டியில் தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் நுழைந்தது. ஐந்து ஆண்டுகளாகியும் முதற்சுற்றைக் கடக்க முடியாதிருந்த அவ்வணி, 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் செஹ்ராவத் என்னும் ரெய்டரை 2 கோடியே 26 இலட்ச ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அப்போட்டியில் எவருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள் பெங்களூரில் குஜராத் ஜெயன்ட்ஸ் அணியோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அப்பருவம் முழுவதும் திரும்பவில்லை. அடிபட்டது பாடிச் சென்றபோதன்று, எதிரணி வீரரைப் பிடிக்க முயன்றபோது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பணம் பெற்ற ரெய்டர், பிடிப்பது என் வேலையன்று என ஒதுங்கி நிற்கவில்லை. இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் இடமிருக்கிறது?

அணி அத்தோடு கவிழ்ந்ததென்றே பலரும் முடிவு கட்டினர். நடந்ததோ வேறு. முதல் முறையாகக் களமிறங்கிய நரேந்தர் என்னும் இளைஞர் அப்பருவத்தில் 243 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். சாகர், சாஹில் முதலிய பிடிவீரர்கள் மூலைகளைக் காத்தனர். டிசம்பரில் அணி முதல் முறையாக அரையிறுதி கண்டு, புனேரி பல்தானிடம் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த ஆண்டு தெலுகு டைட்டன்ஸ் அணி அதே பவனை 2 கோடியே 60 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. அவர் நலம்பெற்று வந்து நன்றாகவே ஆடினார். அணியோ 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது. 2025-இல் அவரே 59 இலட்சத்து 50 ஆயிரத்துக்குத் தமிழ் தலைவாஸுக்குத் திரும்பினார். மூன்றாண்டுக்குள் ஒரு மனிதன் கால் பங்காகத் தேய்ந்து விடுவதில்லை. தேய்ந்தது கிரயம்.

அப்படியானால் நட்சத்திர வீரர் வீண், கூட்டமே எல்லாம் என்று முடிவு கட்டலாமா? அது அவசர முடிவு. பவன் இருந்திருந்தால் அந்த அணி கோப்பையையே வென்றிருக்கலாம். இல்லையென்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. நரேந்தரும் வானத்திலிருந்து குதித்தவரல்லர். அவரும் தனித் திறமையாளரே. நாம் தேட வேண்டியது, தனித் திறமை எந்நிலையில் மதிப்பாக மாறுகிறது என்பதை.

இங்கே எனக்கு நினைவுக்கு வருபவர் ஹிஜ்ரி 471-இல் மறைந்த இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானி. அரபு இலக்கணத்திலும் அணியிலக்கணத்திலும் கரைகண்ட அப்பெரியார், ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் ஒரே கருத்தை விடாது நிறுவுகிறார்: தனிச்சொல்லுக்குச் சிறப்பென்பது இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று பொருளால் பிணையும் ‘நழ்ம்’ என்னும் தொடுப்பிலேயே சிறப்புப் பிறக்கிறது. கழுத்து நரம்பைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லை எடுத்துக்காட்டி, ஒரு கவிஞர் வாக்கில் உள்ளத்தை அள்ளும் அதே சொல் மற்றொருவர் வாக்கில் காதைக் கீறுவதைக் காட்டுகிறார். சொல் மாறவில்லை, அதன் அண்டை வீட்டார் மாறினர்.

சடுகுடுவில் இதைக் கண்ணால் காணலாம். முப்பது வினாடி பாடிச் செல்பவரின் துணிவு, திரும்பிப் பார்க்கையில் பின்னால் எத்தனை பேர் களத்தில் நிற்கின்றனர் என்பதைப் பொறுத்தது. அவர் அவுட்டானால் உயிர்ப்பித்து உள்ளே கொண்டுவருவது, மூலையில் பெயர் தெரியாது நிற்கும் பிடிவீரர் எடுக்கும் ஒரு புள்ளி. கார்னர் கணுக்காலைப் பற்றும் அதே நொடியில் கவர் இடித்துத் தள்ளாவிடில் பற்றிய கை நழுவும். கூடைப்பந்திலும் இந்த நியாயமே. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், உலகின் மிகுந்த ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களைத் திரட்டிச் சென்ற அமெரிக்கா அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 81-க்கு 89 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. சொற்கள் யாவும் பொன், வாக்கியம் அமையவில்லை.

ஆனால் ஜுர்ஜானியின் கொள்கையை மனிதர்மேல் அப்படியே ஏற்றினால் ஓர் ஆபத்து நேரும். தொடுப்புக்கு உதவாத சொல்லைப் புலவன் அடித்துவிட்டுப் போகலாம். மனிதனை அவ்வாறு அடிக்கலாகுமா? அடுக்கில் இடமில்லாதவன் மதிப்பும் இல்லாதவனா? கல்வராயன் மலை மக்கள் இக்கேள்வியின் கசப்பை அறிந்தவர்கள். 1976-இல் அரசு ஜாகீர்களைக் கையகப்படுத்தும் வரை, மூன்று ஜாகீர்தார்களின் கீழ் வரி கட்டியும் கூலியின்றி உழைத்தும் கிடந்தவர்கள் அவர்கள். அம்மலையில் உழைப்புக்குக் கிரயமே பேசப்படவில்லை. அதனால் அவர்களுடைய மதிப்பு பூஜ்யமாகிவிட்டதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது அரசு குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் அறிவித்தது. அவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு ஈட்டினர், எத்தனை மூட்டை சுமந்தனர் என்று கணக்குப் பார்க்கவில்லை. குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா என்று வெகுண்டவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்கள் தம்மை அறியாமலே ஏலம் கூறிக்கொண்டிருந்தனர்.

உயிருக்கும் உறுப்புக்கும் ஈட்டுத்தொகை கூறும் ‘தியத்’ பகுதியை ஓதும்போதெல்லாம் நான் சற்று நின்று விடுவதுண்டு. அங்கே வலியவன், மெலியவன், கற்றவன், கல்லாதவன் என்னும் கணக்கு இல்லை. விரல்களின் சட்டம் இன்னும் வியப்புக்குரியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தொடக்கத்தில் விரல்களின் பயனைப் பார்த்துப் பெருவிரலுக்குக் கூடுதலாகவும் சுண்டுவிரலுக்குக் குறைவாகவும் தீர்ப்பளித்து வந்தார்கள் என்றும், நபிகளாரின் கட்டளை அடங்கிய மடல் அம்ரு இப்னு ஹஸ்ம் (ரலி) குடும்பத்தாரிடம் இருப்பது தெரியவந்ததும் அதைக் கைவிட்டார்கள் என்றும் நூல்கள் கூறுகின்றன. பிடிப்பதிலும் எழுதுவதிலும் பெருவிரல் செய்யும் வேலையில் சிறுபகுதியையும் சுண்டுவிரல் செய்வதில்லை. உமர் அவர்களின் முதற்கணக்கு அறிவுக்குப் பொருந்திய கணக்கே. ஆயினும் அம்மடலில் இருந்தது, எந்த விரலாயினும் பத்து ஒட்டகை என்பதுதான்.