கைவிட்ட பின்

ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அப்பொருளுக்கும் உள்ள உறவு, அது அவன் கையை விட்டு நீங்கிய நொடியிலேயே அற்றுப்போகிறதா? விதைத்தவனுக்கும் விதைக்கும், எழுதியவனுக்கும் எழுத்துக்கும், பெற்றவர்க்கும் பிள்ளைக்கும் பொதுவான கேள்வி இது. பெரிய ஏடுகளைப் புரட்டுமுன், ஒரு சிறிய விளையாட்டைக் கொண்டு இதனை ஆராய்ந்து பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டு அது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் அதனை ஒதுக்கிவிட வேண்டாம். தலை நரைத்தவர்களும் அதில் பலர் உள்ளனர்.

மாதிரி விமானங்களில் சில கம்பியில் கட்டுண்டு வட்டமிடும். சில தரையில் நிற்பவரின் ரேடியோக் கருவிக்குக் கீழ்ப்படியும். நாம் பேச வந்தது மூன்றாவது வகை. அதற்குக் கம்பியும் இல்லை, கட்டளையும் இல்லை. எவ்வளவு சாய வேண்டும், எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பவையெல்லாம் முன்கூட்டியே சிறகிலும் வாலிலும் அமைக்கப்பட்டிருக்கும். கையை விட்டதும் அது தன்போக்கில் பறக்கும். 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாரிஸ் நகரப் பூங்கா ஒன்றில், அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய ரப்பரின் விசையால் இத்தகைய விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது பறந்தது 11 விநாடி. கடந்த தூரம் ஏறத்தாழ 40 மீட்டர். ரைட் சகோதரர்கள் சிறுவர்களாய் இருந்தபோது, 1878-இல், அவர்தம் தந்தையார் வாங்கி வந்து கொடுத்த பறக்கும் பொம்மையும் பெனோவின் அமைப்பைத் தழுவியதே. ஆக, மனிதன் ஏறிச் சென்ற இயந்திர விமானத்துக்கு இந்தச் சிறு விமானம் மூத்த தமையன்.

இன்று உலகப் போட்டிகளில் இதற்குப் பல பிரிவுகள் உள்ளன. ஒன்றில், 410 கிராமுக்குக் குறையாத, எஞ்சின் இல்லாத விமானத்தை 50 மீட்டர் கயிற்றால் பட்டம்போல மேலேற்றிக் கழற்றி விடுவர். மற்றொன்றில் 30 கிராம் ரப்பரின் முறுக்கே எஞ்சின். யார் விமானம் நெடுநேரம் வானில் நிற்கிறதோ அவருக்கு வெற்றி.

பெரிய போட்டிகள் நடப்பதெல்லாம் வெளிநாட்டுச் சமவெளிகளில். நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும், பொறியியல் கல்லூரிகள் சிலவற்றிலும் மாதிரி விமானக்கலை பயிலப்படுகிறது. ஆயினும் அதன் முதற்பாடத்தைக் கற்பதற்கு உத்திரமேரூர் வயல்வெளியே போதும். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் நாட்களில், வெயில் ஏறிய பின் வானத்தை நோக்குங்கள். பருந்து சிறகை அசைக்காமலே சுற்றிச் சுற்றி மேலே போகும். கட்டாந்தரை சூடேறி, அதன்மேல் நிற்கும் காற்று இலேசாகித் தூணாக எழுகிறது. பருந்து அத்தூணுக்குள் இருந்துகொண்டு ஏறுகிறது. மாதிரி விமானம் விடுபவரும் இதைத்தான் தேடுகிறார். பறவையைப் பார்க்கிறார், மிதந்து போகும் எருக்கம்பஞ்சைப் பார்க்கிறார், முகத்தில் படும் காற்றின் சூட்டை உணர்ந்து காத்திருக்கிறார். அத்தூணுக்குள் புகுந்த விமானம் இறங்க மறந்துவிடும்.

இங்கேதான் நம் கேள்வி தலை நீட்டுகிறது. வேக்ஃபீல்டு கோப்பை என்று 1928 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற போட்டி ஒன்றுண்டு. 1939-இல் அமெரிக்காவில் நடந்தபோது டிக் கோர்டா என்பவரின் விமானம் ஒரே பறப்பில் 43 நிமிடங்களுக்கு மேல் வானில் நின்று அவருக்கு வெற்றியைத் தந்தது. அந்த 43 நிமிடங்களில் அவருடைய உழைப்பின் பங்கு எவ்வளவு, எழுந்த காற்றின் பங்கு எவ்வளவு? பிற்காலத்தில் விதி வகுத்தவர்கள் இதற்கு ஒரு விடை கண்டனர். ஒரு பறப்புக்கு இத்தனை நிமிடம்தான் கணக்கில் சேரும் என்று வரம்பு கட்டினர். இன்று பெரும்பாலும் மூன்று நிமிடம். அதற்குமேல் ஒரு மணி நேரம் பறந்தாலும் ஏட்டில் ஏறுவது மூன்றே நிமிடந்தான். ஒருமுறை அல்ல, பல சுற்றுகளில் அதனைச் செய்து காட்ட வேண்டும். வானம் தந்த கொடையை எவனும் தன் திறமை என்று எழுதிக்கொள்ள முடியாதபடி செய்த இவ்விதியை நாம் மிகவும் மதிக்கிறோம். வியாபாரத்தில் ஒரு நல்ல ஆண்டு வாய்த்ததும் முழுவதும் தம் சாமர்த்தியமே என்று பேசுவோர் நம்மிடையே எத்தனை பேர்!

உத்திரமேரூர் மக்களுக்கு இது புதிய சிந்தனை அன்று. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டுக்கும் 921-ஆம் ஆண்டுக்கும் உரியவை, குடவோலை முறையை விரித்துக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே யார் பெயர் உள்ளதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆனால் குடத்துக்குள் ஓலை போவதற்குமுன் எத்தனை சல்லடைகள்! வரி செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமே இல்லை. மனிதன் செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்த பிறகே சிறுவனின் கை குடத்துக்குள் போனது. விமானம் விடுபவரும் பல நாட்கள் சிறகைத் தேய்த்து, எடையைச் சரிபார்த்து, சாய்வைத் திருத்திய பிறகே கையை விடுகிறார்.

புகழுக்கு வரம்பு கட்டியாயிற்று. பொறுப்புக்கு வரம்பு உண்டா? நன்றாகப் பறக்கும் விமானம் தொலைந்து போகும் விமானம். ஆகவே அதனைக் கீழிறக்கும் ஓர் உறுப்பை அதற்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். டீதெர்மலைசர் என்பர். குறித்த நேரத்தில் வால் இறகு நிமிர்ந்து நிற்கும்; விமானம் பறத்தலை இழந்து, தட்டையாக, மெல்ல இறங்கிவிடும். முற்காலத்தில் இதற்கு வெடியுப்பில் ஊறிய திரியைப் பயன்படுத்தினர். திரி எரிந்து போய் ரப்பர் வளையத்தை அறுக்கும், வால் நிமிரும். ஆனால் கங்கு வைக்கோற்போரில் விழுந்தால் என்னாவது? அதற்காகத் திரியைச் சிறு உலோகக் குழலுக்குள் செருகி, குழலின் விளிம்பை எட்டியதும் கங்கு அணையும்படி அமைத்தனர். பின்னர்க் கடிகாரப்பொறி வந்தது, இப்போது மின்னணுப்பொறி. ரேடியோவால் கீழிறக்கவும் இன்று அனுமதி உண்டு. இறக்குவதற்கு மட்டுமே; செலுத்துவதற்கு அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரத்து அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்து, இறங்கும்போது அடிபட்டார் என்றும், பறவைக்கு வால் எதற்கு என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதினார். ஏறுவதை எண்ணுமளவுக்கு இறங்குவதை எண்ணுவது மனித இயல்பில் இல்லை போலும்.

இறங்கும் இடம் யாருடைய வயலோ! 410 கிராம் விமானம் நாற்றை என்ன செய்துவிடும்? சேதம் செய்வது அதைத் தேடி ஓடும் உரிமையாளரின் கால்கள். திருக்குர்ஆனில், அல்அன்பியா அத்தியாயத்தில், இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் பிறர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்த வழக்கு கூறப்படுகிறது. தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் அதில் தீர்ப்பு வழங்கினர். ஆடுகளையே நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடும்படி தந்தையார் தீர்ப்பளித்தார் என்றும், ஆட்டுக்காரர் நிலத்தைப் பழையபடி ஆக்கித் தரும்வரை ஆட்டின் பாலையும் கம்பளத்தையும் நிலத்துக்காரர் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று மைந்தர் கூறினார் என்றும் விரிவுரையாளர்கள் விளக்குவர். இரண்டு தீர்ப்பிலும் ஒன்று பொது. ‘நான் பார்க்காதபோது போயிற்று’ என்ற சொல் ஆட்டுக்காரரைக் காக்கவில்லை. சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பில் பொறுப்பு உண்டு. பொருளை இழக்க வேண்டியது இல்லை. வரப்பின்மேல் நடந்து, நிலத்துக்காரரிடம் கேட்டு இறங்குவதும், மிதித்ததற்கு ஈடு தருவதும் இவ்விளையாட்டின் விதிப்புத்தகத்தில் எழுதாவிட்டாலும் உள்ள விதிகள்.

கண்டெடுத்தவனுக்கும் கடமை உண்டு. வழியில் கிடந்த பொருளைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதன் பையையும் முடிச்சையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்கும்படி கூறினார்கள். வழிதவறிய ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டவரிடமோ முகம் சிவக்கச் சினந்தார்கள். அதற்குக் காலும் உண்டு, வயிற்றில் நீரும் உண்டு. உடையவன் வந்து காணும்வரை அது தானே வாழும் என்பது கருத்து. வயலில் கிடக்கும் விமானம் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? பறந்து வந்ததால் ஒட்டகம்போல் தோன்றும். ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. திரும்பிப் போகும் வழியும் அறியாது. ஆகவே அது பையைப் போன்றதே. எடுத்து வைத்து அறிவிக்க வேண்டியதே என்பது எம் கருத்து. கற்றறிந்த ஆலிம்கள் வேறாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். விமானம் விடுவோர் சிறகில் பெயரும் முகவரியும் எழுதி ஒட்டுவது, அறிவிப்பவனின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இன்னும் ஒரு செய்தி உண்டு. போட்டியாளர் தாமே கட்டிய விமானத்தைத்தான் பறக்கவிட வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. இன்று உலகப் போட்டியின் முதன்மைப் பிரிவுகளில் அது இல்லை. உக்ரைன் முதலிய நாடுகளின் கைவினைஞர்கள் கரியிழையால் செய்து விற்கும் விமானங்களை வாங்கிப் பறக்கவிடுவோர் மிகுதி. காற்றைப் படிக்கும் திறமை வாங்குவதற்குக் கிடைப்பதன்று, ஆகவே இதில் தவறில்லை என்று அவர்கள் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு; வாங்கிய விமானத்தையும் பழக்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் எம் மனம் பழைய விதியின் பக்கமே சாய்கிறது. விமானம் வானில் நடுங்கும்போது எந்த ஒட்டு தளர்ந்தது, எந்தக் குச்சியில் முந்தியே ஒரு கீறல் இருந்தது என்று கட்டியவனுக்குத் தெரியும். வாங்கியவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கட்டியவன் தன் மேசையை நினைத்துக்கொள்வான்.