சங்குக்குள் ஒரு லிங்கம்

புளியங்குடியிலிருந்து கிழக்கே போனால் சங்கரன்கோவில். தென்மேற்கே போனால் தென்காசி தாண்டிக் குற்றாலம். அரியும் அரனும் ஒன்றா, வேறா என்ற பழைய வழக்குக்கு இந்த இரண்டு ஊர்களும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. சங்கரன்கோவில் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கன், பத்மன் என்ற நாகர்கள் யார் சாமி பெரிது என்று மல்லுக்கு நிற்க, கோமதியம்மன் தவமிருக்க, ஒரே உடம்பில் பாதி சிவனும் பாதி திருமாலுமாகக் காட்சி கிடைத்தது. ஆடித்தபசுக்குத் திரளும் கூட்டத்துக்கு அதில் குழப்பமே இல்லை. குற்றாலத்தின் பதில் அவ்வளவு லேசானதல்ல. அதனாலேயே எனக்கு அது இன்னும் ஆழமாகப் படுகிறது.

சிற்றாற்றங்கரையில், பேரருவிக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்குற்றாலநாதர் கோயிலைச் சங்கு வடிவில் கட்டியிருக்கிறார்கள். சங்கு திருமாலின் சின்னம். கருவறையில் இருப்பதோ லிங்கம். தலபுராணம் சொல்லும் காரணம் இது: வைணவத் தலமாயிருந்த இங்கே அகத்தியர் வந்தார். சைவர் என்று உள்ளே விடவில்லை. இலஞ்சிக்குப் போய் முருகனைக் கும்பிட்டு, வைணவக் கோலத்தில் திரும்பி வந்தார். நின்ற பெருமாளின் தலையில் கைவைத்து, குறுகச் சொல்லி அழுத்தினார். சிலை லிங்கமாகச் சுருங்கியது. தேவிமார் இருவரும் குழல்வாய்மொழியாகவும் பராசக்தியாகவும் ஆனார்கள். அழுத்திய விரல்களின் தடம் லிங்கத்தின் மேல் இருப்பதாக நம்பிக்கை.

இது சைவர்கள் அடித்துக்கொண்ட ஜம்பம் என்று ஒருவர் ஒதுக்கலாம். வரலாறும் அவர் பக்கம் சாய்வதுபோலத்தான் தெரிகிறது. 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் இங்கே சிவனைத்தான் பாடினார். தலமரமான குறும்பலாவுக்கென்றே தனிப் பதிகமும் வைத்தார். 108 திவ்யதேசங்களில் குற்றாலம் கிடையாது. சிற்றாற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் தாமிரபரணியின் கரையில் பிறந்த நம்மாழ்வாரும் இந்த ஊரைப் பாடவில்லை. சரி, முன்பு பெருமாள் கோயில் இருந்ததற்குச் சாட்சி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. ஜம்பம் அடிக்க நினைத்தவர்கள், ஆதி முதலே சுயம்புவாய் எங்கள் சாமிதான் இருந்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தரே அதற்குக் கைகொடுத்திருப்பார். அதை விட்டுவிட்டு, இந்த லிங்கம் முன்பு வேறொருவராய் இருந்தது, வேஷம் போட்டு வந்துதான் மாற்றினோம் என்று யாராவது வலியப் போய் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொண்டதோடு நிற்கவும் இல்லை. அகத்தியர் கை பட்டதில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டதாம். அது தீர மூலிகை சேர்த்துக் காய்ச்சிய தைலத்தைத் திருமுடியில் சாத்துகிறார்கள். அருவிச் சாரலிலும் குளிரிலும் இருக்கிற சாமிக்கு எண்ணெய் தேய்ப்பது இயல்புதானே, கதை பின்னால் ஒட்டவைத்ததாயிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் குளிர் என்ற எளிய காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விரல் அழுத்திய வலி என்று சொல்லத் தோன்றியதே, அந்தத் தேர்வுதான் என் சாட்சி. சங்கரன்கோவிலில் இருவரும் மனமொத்துப் பாதிப்பாதியாய் நிற்கிறார்கள். அங்கே யாருக்கும் வலிக்கவில்லை. குற்றாலம், ஒரு வடிவம் இன்னொன்றாகும்போது பழையது அழிந்துபோவதில்லை, உள்ளேயே இருந்து நோகிறது என்கிறது. பரம்பொருளுக்கு உருவமே இல்லை, வலி எங்கிருந்து வரும் என்று வேதாந்தி கேட்பார். உருவமில்லாததைச் சங்கு என்றும் லிங்கம் என்றும் பிரித்துக் கட்சி கட்டியது மனிதக் கைதானே? அந்தக் கை பட்ட இடத்தில்தான் தைலம் வைக்கிறார்கள்.