சிலேட்டை மறைத்த கை

ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். விழா மாலையில்தான். நான் முற்பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், தலைமையாசிரியர் என்னை ஒவ்வொரு வகுப்பாக அழைத்துச் சென்று காட்டினார். ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் ஒரு சிறுமி கணக்கை மளமளவென்று போட்டு முடித்தாள். முடித்ததும் இடது கையை வளைத்து நோட்டின் மேல் அணை போல வைத்துக்கொண்டாள். பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை.

"ரொம்பக் கெட்டிக்காரப் பெண். யாருக்கும் காட்டமாட்டாள்" என்றார் தலைமையாசிரியர், பெருமை பொங்க.

இரண்டு வாக்கியங்களையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். முதலாவதற்கு இரண்டாவது சான்று என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம். மாலையில் நானும் மேடையேறி, கல்வி என்பது கொடுக்கக் குறையாத செல்வம் என்று வழக்கம் போலப் பேசினேன். குழந்தைகளும் கை தட்டினார்கள். ஆனால் வளைந்திருந்த அந்தப் பிஞ்சுக் கை மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அது எனக்குப் பழக்கமான கை. ஒரு காலத்தில் அது என் கையாகவே இருந்தது.

நான் படித்த ஊரில் நெசவாளர் குடும்பங்கள் அதிகம். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு நெசவாளியின் மகன். விடியற்காலையில் எழுந்து, தறிக்கு வேண்டிய தார்களைச் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அதனால் பல நாள் முதல் மணிக்குப் பிறகே வந்து சேருவான். வந்ததும் அடி வாங்குவான். ஆனால் அவன் கை வரையும் கை. சேலைக் கரையில் வரும் கோபுரமும் அன்னமும் அவன் விரலிலிருந்து தாமாகப் பிறந்து வரும். பூகோள நோட்டில் என் இந்தியா வீங்கிய பூசணிக்காய் போல இருக்கும். அவன் என் நோட்டை வாங்கி, முதலில் கட்டங்கள் போட்டு, எந்தக் கட்டத்தில் எந்த வளைவு வரும் என்று எண்ணிக் காட்டினான். அதன்பின் எனக்கும் படம் வரைய வந்தது. அதற்காக அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஒரு நாள்தான் கேட்டான். பின்னக் கணக்கு. மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு? நான் பன்னிரண்டில் ஏழு என்று எழுதிவிட்டேன். அவன் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தான். அது தப்பு என்று அவனுக்கே சந்தேகம். "டேய், பன்னிரண்டு எங்கேயிருந்துடா வந்தது? அதை மட்டும் சொல்லு" என்று மெதுவாகக் கேட்டான். நான் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கையால் மறைத்தேன். அன்று எனக்கு "நல்ல பையன்" என்று பெயர் கிடைத்தது. அவனுக்குப் பிரம்படி கிடைத்தது. அந்த ஆண்டு அவன் கணக்கில் தேறவில்லை. அடுத்த ஆண்டு பள்ளி திறந்தபோது அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவன் தறிக்குப் போய்விட்டான் என்றார்கள்.

நான் ஒரு கணக்கைச் சொல்லியிருந்தால் அவன் படிப்பு நின்றிராது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது என்னைப் பெரிதாக்கிக்கொள்வது. வீட்டு வறுமை அவனைத் தறிக்கு இழுத்திருக்கும். ஆனாலும் கேள்வி நிற்கிறது. அவன் கேட்டது விடையை அல்ல. விடை அவன் கண்ணெதிரே இருந்தது. வழியைக் கேட்டான். விடையைக் கொடுப்பது வேறு, வழியைக் கொடுப்பது வேறு அல்லவா? விடையைக் கொடுத்தால் வாங்குபவன் இருந்த இடத்திலேயே இருப்பான். வழியைக் கொடுத்தாலோ, அவன் நாளைக்கு நம்மிடம் வரவே வேண்டியதில்லை. முன்னதைத் தவறு என்று தடுக்கப் புறப்பட்ட நம் பள்ளிகள், பின்னதையும் சேர்த்தே தடுத்துவிட்டன. சோதனை நாளில் பேசாதே என்பது நியாயம். ஆனால் ஆண்டில் மற்ற நாட்களையும் சோதனை நாளாகவே ஆக்கிவிட்டால், குழந்தை என்ன கற்கும்? பக்கத்தில் இருப்பவன் தோழன் அல்லன், போட்டியாள் என்றுதான் கற்கும்.

நம் நாட்டுப் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நமக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. ஆனால் அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். கற்றவன் கல்லாதவனுக்கு மணலில் எழுதிக் காட்டினான். 1789-ல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இப்படி ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இசையவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். பெரியவர்கள் செய்ய மறுத்ததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். ஊர் திரும்பிய பெல் 1797-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 1798-ல் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் இதே பாதையில் போனார். "மதராஸ் முறை" என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தால் எழுந்த பள்ளிக்கு இன்றும் "மதராஸ் காலேஜ்" என்றுதான் பெயர்.

இதைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அங்கே அந்த முறை எதற்குப் பயன்பட்டது? ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம் என்ற சிக்கனத்துக்கு. மேலே ஆசிரியர், அவர் கீழே சட்டாம்பிள்ளைகள், அவர்கள் கீழே மற்றவர்கள் என்று அது ஒரு பட்டாளமாக மாறியது. பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள்; சிந்திக்கவில்லை. லங்காஸ்டரின் முறையில் குற்றம் செய்த சிறுவனைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனைகூட உண்டு! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த ஏற்பாடு மதிப்பிழந்து போயிற்று.

ஆகவே, "பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிடுவதால் மட்டும் அறம் நிறைவேறிவிடாது. என் நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர். அவரிடம் இதைப் பேசியபோது கேட்டார்: "கெட்டிக்காரப் பிள்ளையைச் சம்பளமில்லாத வாத்தியாராக்குவது நியாயமா? அவன் தன் படிப்பைப் படிக்க வேண்டாமா?" நல்ல கேள்வி. கற்பிப்பவனுக்கும் தெளிவு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவனின் கதி என்ன? நாள்தோறும் கையேந்தி நிற்பவன் மனத்தில் நன்றி வளராது, சிறுமைதான் வளரும். எப்போதும் கொடுத்துக்கொண்டே இருப்பவன் மனத்திலும் அன்பு வளராது, இறுமாப்புத்தான் வளரும். ஒருவன் கை எப்போதும் மேலே, இன்னொருவன் கை எப்போதும் கீழே என்றால் அதற்குப் பெயர் பகிர்வு அல்ல, தருமம்.

1971-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் ஒரு சிக்கல் எழுந்தது. அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகிய எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டி வந்தது. வகுப்பு போர்க்களமாயிற்று. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் வகுப்புகளைக் கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த பிள்ளை கை தூக்குகிறது. அது தவறிவிட வேண்டுமென்று மற்றப் பிள்ளைகள் காத்திருக்கின்றன. நோய் இங்கே இருக்கிறது என்று கண்டார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, சிறு குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கச் செய்தார். ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் கூடிப் படித்துத் தெளிவார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்வார்கள். மற்றவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். நேற்றுவரை கேலி செய்யப்பட்ட திக்குவாய்ப் பையன் கையிலும் இன்று எல்லோருக்கும் வேண்டிய ஒரு துண்டு இருக்கும் அல்லவா?

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் கெட்டிக்காரத்தனம் அல்ல. அதில் இருக்கும் மரியாதைதான். "உன்னிடமும் ஒன்று இருக்கிறது, அது எனக்கு வேண்டும்" என்று ஒவ்வொரு குழந்தையும் மற்றொரு குழந்தையிடம் சொல்லும்படி அது செய்கிறது.

நாமாகத் துண்டு போட்டுக் கொடுக்காமலே அப்படி ஒன்று ஒவ்வொரு குழந்தையிடமும் இருக்கத்தான் இருக்கிறது. பாடங்களுக்கு நடுவே நாம் எழுப்பிய சுவர்தான் அதைக் காணவொட்டாமல் மறைக்கிறது. கணக்கு மணியில் கணக்கு மட்டும் என்றால், அங்கே முதல்வன் என்றும் முதல்வன். கடையன் என்றும் கடையன். பூகோளமும் சித்திரமும் கணக்கும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கினால் வரிசை கலைந்துபோகும். கணக்கில் கடைசியில் நிற்பவன் படத்தில் முன்னால் வருவான். செடி கொடிகளின் பெயர் தெரிந்த குடியானவன் வீட்டுப் பெண் அறிவியலில் ஆசிரியை ஆவாள். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் கருத்தும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கணக்கும் சரித்திரமும் பூகோளமும் கற்கட்டும் என்றார். தக்ளியில் நூற்ற நூலை அளந்தால் அதுவே கணக்கு. பருத்தி விளையும் மண்ணைப் பற்றிப் பேசினால் அதுவே பூகோளம். அந்தத் திட்டம் நாட்டில் வேரூன்றவில்லை. ஆனாலும் அதில் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழையவில்லை என்பதை மறக்கக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது என் பழைய தோழனைத் தேடிப் போனேன். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, "வாங்க, உட்காருங்க" என்றான். "டேய்" என்று கூப்பிட்டவன்! அந்த "ங்க" என்னைச் சுட்டது. திண்ணையில் அவன் மகள் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு துண்டுக் கரை. "இது பன்னிரண்டு விரற்கடை. இதில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு? நாலு விரற்கடை. நான்கில் ஒரு பங்கு? மூணு. இப்போ சேர்த்துச் சொல்லு, பார்க்கலாம்."

"ஏழு" என்றான் சிறுவன்.

"இதை யாரம்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"அப்பாதான்" என்றாள்.

அவன் சிரித்தான். "பள்ளிக்கூடத்தில் புரியலைங்க. தறியில் உட்கார்ந்த பிறகு தானாகப் புரிஞ்சுது" என்றான். சிலேட்டை நினைவில் வைத்திருந்தானா, தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை.

எனக்கு அன்று விதி மட்டும்தான் தெரிந்திருந்தது. பன்னிரண்டு எங்கேயிருந்து வந்தது என்று உண்மையில் எனக்கே தெரியாது. அவனிடம் துணி இருந்தது. என்னிடம் விதி இருந்தது. இரண்டையும் சேர்த்திருந்தால் இருவருக்குமே கணக்குப் புரிந்திருக்கும். நான் மறைத்தது அவனுக்குச் சேர வேண்டியதை மட்டும் அல்ல. எனக்குச் சேர வேண்டியதையும்தான்.

அந்தப் பள்ளியின் முன்வரிசைச் சிறுமியை மறுபடியும் பார்த்தால், "நோட்டைக் காட்டு" என்று சொல்லமாட்டேன். பக்கத்துப் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டால், வளைந்த கை தானாகவே நிமிர்ந்துவிடும்.